நாற்றம் வராத கறியைச் சோதியுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இறைச்சிக் கடைக்கு உரிமம் வழங்குகிற, கறியில் சாம்பிள் எடுக்கிற, கால்நடை மருந்து விற்பனையைக் கவனிக்கிற அதிகாரிகளுக்கு,

எந்த ஊராக இருந்தாலும் கறிக்கடைச் சோதனை என்றால் ஒரே காட்சிதான். ஃப்ரீசரில் கிடந்த பழைய கறியை அள்ளி வெளியே போடுவார்கள். பினாயில் ஊற்றுவார்கள். குழிவெட்டி மூடுவார்கள். இத்தனை கிலோ கெட்டுப்போன இறைச்சி பறிமுதல் என்று மறுநாள் செய்தி வரும். பக்கத்துக் கடையில் அன்று காலை அறுத்த கறி சிவப்பாக, மணமில்லாமல் இருக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள். நாங்கள் எழுதுவது அந்தக் கறியைப் பற்றி.

கறியை நாறவைக்கும் பாக்டீரியா வேறு, ஆளைப் படுக்கவைக்கும் பாக்டீரியா வேறு. சூடோமோனாஸ் போன்றவை கறியின் மேல் வளர்ந்தால் பிசுபிசுப்பு வரும், வாடை வரும். பெரும்பாலும் நோய் வராது. சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் நோய் தரும் ஈ.கோலை வகைகளும் ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நிறம் மாறாது, வாடை வராது. கேம்பைலோபாக்டர் சில நூறு வயிற்றுக்குள் போனாலே போதும், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வரலாம். மூக்கை நம்பி நடத்தும் சோதனையில் இவை ஒருநாளும் சிக்காது. அவற்றில் எத்தனை எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காதவை என்பதும் தெரியவராது.

கால்நடை மருத்துவம் படித்தவர்கள், மருத்துவ ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போடுகிறவர்கள், கறிக்கடையில் கட்டைக்கு முன்னால் நிற்கிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. கறி சாப்பிடாதீர்கள் என்று சொல்லவரவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மலிவாகக் கிடைக்கிற நல்ல புரதங்களில் கோழிக்கறியும் ஒன்று. அது சுத்தமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

முதலில் கடையில் நடப்பதைச் சொல்கிறோம். திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ பாகூரிலோ ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவது ஒரு கடை முன்னால் அரை மணி நேரம் நின்றால் யாரும் பார்க்கக்கூடியதுதான் இது.

கோழி, கூண்டுமேல் கூண்டாக அடுக்கிய லாரியில் வருகிறது. மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டுக் கோழியின் இறகில் விழுகிறது. அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. தீவனம் நிறைந்த குடல் கத்தி பட்டதும் கிழியும். அதற்காக முழு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல்தான். குடல் சுவர் மெலிந்து கை பட்டாலே பிய்ந்துவிடும். பசியில் கோழி எச்சத்தையே கொத்தும். கடையில் இரண்டும் நடக்கிறது. சனிக்கிழமை இரவு இறங்கிய கோழிக்கு எடை குறையாமல் இருக்கக் காலைவரை மக்காச்சோளம் போடுகிறவர்களும் உண்டு, சனி காலை இறங்கியதை ஞாயிறு மதியம் வரை ஒன்றும் போடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

கழுத்தறுத்ததும் கோழியை நீல டிரம்முக்குள் போடுகிறார்கள். முன்னால் போட்ட பத்துக் கோழியின் ரத்தத்திலும் எச்சத்திலும் அது புரண்டு துடிக்கிறது. அந்த அழுக்கு இறகிலும் அறுபட்ட கழுத்திலும் ஏறுகிறது. இதற்கு மாற்று எஃகுப் புனல். ஆறு புனல் வரிசையாகச் சுவரில் பதித்து, கோழியைத் தலைகீழாக விட்டு இரண்டு நிமிடம் ரத்தம் வடியவிட்டால், ஒரு கோழியின் அழுக்கு இன்னொன்றின் மேல் படாது. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

தோலோடு கேட்பவர்களுக்கு வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும் மெஷினில் போடுகிறார்கள். அந்த வெந்நீர் காலையில் வைத்ததுதான். பத்து மணிக்குள் அது எச்சக் கரைசலாகிவிடுகிறது. மெஷினுக்குள் இருக்கும் ரப்பர் விரல்கள் நாளாக ஆக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறினால் தினமும் கழுவினாலும் போகாது. விரலை மாற்ற வேண்டும். நம் பக்கம் பெரும்பாலோர் தோலுரித்த கறிதான் கேட்கிறார்கள், அது நல்ல வழக்கம், ஏனென்றால் கோழியின் தோலில்தான் கேம்பைலோபாக்டர் அதிகம். ஆனால் இறகைப் பிடித்த கை, கழுவாமலேயே அடுத்த நொடி சதையைப் பிடிக்கிறது. தோலை நீக்கிய பயன் அங்கேயே போய்விடுகிறது. இறகு பக்கம் ஒரு கை, சதை பக்கம் ஒரு கை என்று பழக்கிக்கொள்வதற்குச் செலவே கிடையாது. ஒரு நாள் பயிற்சி போதும். அந்தப் பயிற்சியை யாரும் கொடுத்ததில்லை.

பிறகு வாளி. குடலை எடுத்த கோழியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். முதல் கோழிக்கு அது சுத்தத் தண்ணீர். முப்பதாவது கோழிக்கு அது முந்தைய இருபத்தொன்பது கோழிகளின் குடல் கழுவிய தண்ணீர். ஒரே ஒரு கோழியில் சால்மொனெல்லா இருந்தால் போதும், அதற்குப் பின்னால் முங்கிய கோழிகளுக்கெல்லாம் அது ஒட்டுகிறது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் அலசினாலே இதில் பெரும்பகுதி தீரும். தண்ணீர் எது என்பதும் முக்கியம். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் குளோரின் பெட்டி குடிநீர் ஊழியர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதே பெட்டியைக் கறிக்கடைக் குழாயிலும் பிடித்துப் பார்க்கலாமே.

அடுத்தது கட்டை. புளியங்கட்டை உறுதியானது, கத்தி மழுங்காது, அதனால்தான் இன்றைக்கும் அது நிலைத்திருக்கிறது. கட்டையை ஒழிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வெட்டு விழுந்த பள்ளத்தில் கொழுப்பும் எலும்புத் தூளும் இறங்கி, இரவெல்லாம் ஈரத்தில் ஊறுவதுதான் கெடுதல். கடை மூடும்போது மேலே உப்பைத் தூவிச் சாக்கு போட்டு மூடிவிட்டுப் போவது பழைய முறை. உப்பு சில பாக்டீரியாவைத் தடுக்கும், ஸ்டஃபைலோகாக்கஸ் உப்பில் நன்றாகவே வாழும். சரியான முறை இது. இரும்புத் தகட்டால் கட்டையைச் சுரண்ட வேண்டும். சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து அலச வேண்டும். அதன்பிறகுதான் பிளீச்சிங் பவுடர். 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் 7 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் வரும். தெளிந்த நீரை ஊற்றி 10 நிமிடம் விட்டுக் கழுவி, கட்டையைச் சாய்த்து நிறுத்திக் காயவிட வேண்டும். பவுடர் பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் கிடந்ததென்றால் குளோரின் பறந்திருக்கும். அளவைக் கூட்ட வேண்டும். கொழுப்பு மேலே பவுடரை அப்படியே தூவுவதில் பயனே இல்லை, கொழுப்பும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும். சோதனைக்கு வருகிறவர்கள் 'பிளீச்சிங் போடு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு, எப்போது, எதற்குப் பிறகு என்று சொன்னால்தான் அது அறிவுரை.

இனி நேரக் கணக்கு. கண்ணெதிரே அறுத்து, வெட்டி, அரை மணிக்குள் வீட்டு அடுப்புக்குப் போகிற கறியில் பாக்டீரியா பெருக நேரமில்லை. தீபாவளி காலையிலும் பொங்கல் முடிந்த கறிநாளிலும் நடப்பது அதுவல்ல. கூட்டத்தைச் சமாளிக்க விடியற்காலை நான்கு மணிக்கே வெட்டிக் குவித்துவிடுகிறார்கள். ஆட்டுக்கறி ரோட்டோரக் கொக்கியில் பதினொரு மணி வரை தொங்குகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் இந்தப் பாக்டீரியா பெருகும். நம் ஊர்க் காலை வெயில் அதற்குத் தோதானது. ஈ.கோலை நல்ல சூட்டில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆறு மணி நேரம் என்றே வைத்து, அதில் முதல் இரண்டு மணி அது நிலைகொள்ள ஆகிறது என்று தள்ளிவிட்டாலும், மீதி நான்கு மணியில் எட்டு முறை இரட்டிக்கும். ஒன்று 256 ஆகும்.

இதற்கு ஐஸ் வேண்டும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் இறங்கினால் முதலில் தேடுவது ஐஸ் பார். மீனுக்கு ஐஸ் இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது. அதே ஊரில் கறிக்கு ஐஸ் போட்டால் 'ஐஸ் கறி, பழசு' என்று வாங்குகிறவர் திரும்பிப் போகிறார். இந்த எண்ணத்தைக் கடைக்காரர் ஒருவரால் மாற்ற முடியாது. அரசு சொன்னால்தான் மாறும். கணக்கு கடினமில்லை. 38 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ கறியை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 360 கிராம் ஐஸ் உருக வேண்டும். வெயிலையும் பெட்டிக் கசிவையும் சேர்த்துக் கிலோவுக்குக் கிலோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் மீனுக்கு அடிக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று பார்க்காமல் கறிமேல் கொட்டக் கூடாது. குடிநீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கறியைக் கனமான பாலித்தீன் பையில் கட்டி ஐஸுக்குள் புதைக்க வேண்டும்.

ஐஸால் எல்லாம் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கேம்பைலோபாக்டர் கடைச் சூட்டில் பெருகுவதே இல்லை. கோழிக் குடலிலிருந்து வந்த எண்ணிக்கையோடு அப்படியே இருக்கும். அதைக் குறைக்கக் குடல் கிழியாமல் எடுப்பதும் வாளியை ஒழிப்பதும்தான் வழி.

'நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும்' என்பதுதான் இதுவரை எல்லா இடத்திலும் கிடைத்த பதில். உண்மைதான், கறியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டால் பாக்டீரியா சாகும். நம் வீட்டுக் குழம்பு அதைத் தாண்டிக் கொதிக்கிறது. ஆனால் பச்சைக் கறித் தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அருவாமனையிலும் கைப்பிடித் துணியிலும் தொட்டியிலும் பட்டுவிடுகிறது. அதே பலகையில் நறுக்கிய வெங்காயமும் வெள்ளரியும் தயிர்ப் பச்சடிக்குப் பச்சையாகப் போகின்றன. குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும். மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு அலசினால் வாடை போகும், பாக்டீரியா போகாது. பாத்திரத்தில் மூழ்கவைத்து மெதுவாக அலசுவது மேல். இதையெல்லாம் வீட்டில் சமைப்பவர் செய்யலாம், செய்ய வேண்டும். கடையில் தடுத்திருக்க வேண்டியதைச் சமையலறைப் பெண்ணின் தலையில் முழுவதுமாக ஏற்றுவது சரியில்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் கடையில் வாங்கிய சவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். அந்தக் குழந்தையின் வீட்டில் யாரும் எதையும் வேகவைக்கத் தவறவில்லை.

இப்போது ஆன்டிபயாட்டிக். இதில் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கறியில் மருந்தின் எச்சம் இருப்பது ஒன்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கறியில் இருப்பது இன்னொன்று. எச்சம் இல்லை என்று சான்று வந்த கறியிலும் அடங்காத பாக்டீரியா நிறைய இருக்கலாம், ஏனென்றால் மருந்து உடலைவிட்டுப் போன பின்னும் அது பழக்கிவிட்ட பாக்டீரியா குடலில் தங்கும். எச்சச் சோதனையை மட்டும் காட்டி 'பாதுகாப்பானது' என்று சொல்வது பாதிப் பதில்.

பண்ணையில் நடப்பது இதுதான். கறிக்கோழியின் ஆயுள் 35 முதல் 42 நாள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். விவசாயிக்கு வளர்ப்புக் கூலி. குஞ்சு இறங்கிய முதல் வாரம் நோய் வராமலிருக்க ஒரு சுற்று மருந்து, தடுப்பூசிக்குப் பின்னால் ஒரு சுற்று, மூன்றாவது நான்காவது வாரத்தில் மூச்சிரைப்பு கண்டால் இன்னொரு சுற்று. பெரும்பாலும் கல்ச்சர் எடுப்பதில்லை. மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிறார்கள். 5,000 கோழி உள்ள ஷெட்டில் 200 கோழிக்கு நோய் என்றாலும் 5,000 கோழியும் குடிக்கும். நோயுற்ற கோழி சரியாகத் தண்ணீர் குடிக்காது, அதற்கு மருந்து குறைவாகப் போகும். நலமாக உள்ளதற்குத் தேவையே இல்லாமல் போகும். அரைகுறை அளவு மருந்தில் பிழைத்த பாக்டீரியாதான் அடுத்த தலைமுறைக்கு விதை.

கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோழியின் உடலில் அது சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. மனிதருக்குத் தரும் அதே மருந்து. ஒன்றுக்கு அடங்காதது மற்றதற்கும் அடங்காது. கேம்பைலோபாக்டரில் இந்த எதிர்ப்பு பரவியதைக் கண்டுதான் அமெரிக்கா 2005-இல் கோழிக்கு இந்த மருந்தைக் கொடுப்பதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2006 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. நம் நாட்டிலும் கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குத் தயாரிப்பதும் விற்பதும் 2019 ஜூலையில் தடைசெய்யப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் வேலை செய்யாதபோது மருத்துவர் கையில் எடுக்கும் மருந்து அது. கோழி எடை கூட அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். தடை வந்தது நல்லது. நம் பக்கத்து மருந்துக் கடைகளிலும் தீவனக் கடைகளிலும் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறதா என்று யார், எப்போது பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை மக்களுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு விதி 2012 முதல் இருக்கிறது. கால்நடை மருந்தின் லேபிளில், கடைசி வேளை மருந்துக்கும் அறுப்புக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று அச்சிட வேண்டும். அது அச்சிடப்படாத மருந்தென்றால் கறிக்கு 28 நாள், முட்டைக்கும் பாலுக்கும் 7 நாள் விட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நாளில் லாரி ஏறும் கோழிக்கு அப்படிப்பட்ட மருந்தை 12-ஆம் நாளுக்குப் பிறகு கொடுக்கவே முடியாது. ஆனால் நோய் வருவது 25-ஆம் நாள், 30-ஆம் நாள். விலை ஏறினால் நாலு நாள் முன்னதாகவே லாட்டைத் தூக்கிவிடுகிறார்கள். மருந்து நிறுத்திய இடைவெளி அங்கே காணாமல் போகிறது. என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சமையல் சூட்டில் அழிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகர்ப் பகுதியில் வாங்கிச் சோதித்த 70 கோழிக்கறி சாம்பிள்களில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. நம் ஊர்க் கறிக்கு அப்படி ஒரு எண் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதில்லை.

கறியோடு வந்த அடங்காத ஈ.கோலை அன்றைக்கே நோய் தராமல் போகலாம். குடலில் தங்கி, தன் எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக அங்கே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். மாதங்கள் கழித்து அந்த ஆளுக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது மாத்திரை கேட்காது, ஊசிக்குப் போக வேண்டியிருக்கும். எந்த ஞாயிற்றுக்கிழமைக் கறி என்று யாராலும் சொல்ல முடியாது. 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 2019-இல் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவாலேயே இறந்ததாக மதிப்பிட்டது. அத்தனையும் கறியால் வந்தது அல்ல. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கியதற்கும் அதில் பங்குண்டு. அந்தப் பங்கைக் குறைக்க நாங்கள் தனியாகப் பேசுகிறோம். கறியின் பங்கைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

சோதனைக்கு வசதி இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. ஐரோப்பாவுக்குப் போகும் இறாலில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துத்தான் கப்பல் ஏற்றுகிறார்கள். அங்கே இறங்கியதும் இந்திய இறால் சரக்கில் பாதியை மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. வெளிநாட்டுத் தட்டுக்குச் செய்கிற வேலையை நம் தட்டுக்கும் செய்யலாம். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜிப்மர் இருக்கிறது. சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்றும் உண்டு: கறி அலசிய கரைசலைப் பாக்டீரியா வளர்க்கும் இரண்டு அகார் தட்டில் போட வேண்டும், ஒன்று சாதாரணத் தட்டு, மற்றது லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்த்தது. இரண்டிலும் வளர்ந்த ஈ.கோலையை எண்ணி விகிதம் பார்த்தால், அந்தக் கறியில் இருப்பதில் எவ்வளவு பங்கு இந்த மருந்துக்கு அடங்காதது என்று தெரிந்துவிடும். எந்த நல்ல ஆய்வகமும் சில நாட்களில் செய்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பாக்டீரியா பார்க்க எடுக்கும் சாம்பிளில் ஃபார்மலின் விடக் கூடாது. விட்டால் ஒன்றும் வளராது, 'சுத்தம்' என்று பொய்யான முடிவு வரும். கோலிஸ்டின் எதிர்ப்பை, மருந்து ஏற்றிய காகித வட்டு வைத்துப் பார்க்கும் வழக்கமான முறையில் கண்டுபிடிக்க முடியாது, மருந்தைப் படிப்படியாக நீர்த்த வளர்ப்புத் திரவத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் முறைதான் சரி. இவ்விரண்டையும் தவறவிட்டால் செய்த செலவு வீண்.

உரிமத்திலும் ஓட்டை இருக்கிறது. 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு நாளைக்கு 50 கோழி வரை, அல்லது 10 ஆடு வரை அறுப்பவர் மட்டுமே சிறு வணிகராகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு மேல் போனால் உரிமம் வேண்டும், அதற்குரிய ஆய்வு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 200 கோழி அறுக்கும் கடையும் 100 ரூபாய்ப் பதிவிலேயே நடப்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை, கழிவை எடை போட்டாலே தெரியும். 2 கிலோ கோழியில் கறி போக ஏறத்தாழ 700 கிராம் மிஞ்சும். 200 கோழிக்கு 140 கிலோ. அந்த 140 கிலோ எங்கே போகிறது? கெடிலத்தின் கரையிலும் வாய்க்கால் மதகிலும் சாக்கு மூட்டையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைக்காரர்களை விரட்டச் சொல்லி இதை எழுதவில்லை. அவர்கள் காலை மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு கையிலும் வெட்டுக் காயத்தோடு வேலை பார்க்கிறவர்கள். இந்தப் பாக்டீரியா முதலில் ஏறுவது அவர்கள் கையில்தான். அபராதம் போட்டால் கடை பின்கட்டுக்குப் போகும், அங்கே நீங்கள் பார்க்கவே முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

மாதம் ஒருமுறை, அன்று அறுத்த, வாடையில்லாத கறியில் சாம்பிள் எடுங்கள். கோழிக்கறி, ஆட்டுக்கறி இரண்டிலும். 25 கிராமில் சால்மொனெல்லா உண்டா, ஈ.கோலை எத்தனை, அதில் செஃபோடாக்சிமுக்கு அடங்காதது எத்தனை, ஆன்டிபயாட்டிக் எச்சம் உண்டா என்ற நான்கும் பாருங்கள். இது வழக்குப் போடும் சாம்பிளாக இல்லாமல் கண்காணிப்புச் சாம்பிளாக இருக்கட்டும். கடைப் பெயர் வேண்டாம், பகுதிவாரியாக முடிவை வெளியிடுங்கள்.

ஒவ்வொரு கடைக்கும் ஓடும் குழாய், எஃகுப் புனல், மூடிய ஐஸ் பெட்டி என்ற மூன்றையும் ஆறு மாதத்துக்குள் கட்டாயமாக்குங்கள். அதற்கு மானியமோ சிறு கடனோ கொடுங்கள். கட்டை கழுவும் முறையையும் பிளீச்சிங் அளவையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். குடிநீரில் செய்த ஐஸ் எந்த ஆலையில் கிடைக்கும் என்று பட்டியல் கொடுங்கள்.

ஒரு நாளில் 50 கோழிக்கு மேல் அறுக்கும் கடைகளைக் கணக்கெடுத்து உரிமத்துக்குள் கொண்டுவாருங்கள். கழிவை எடைபோட்டுப் பெற்றுக்கொள்ளும் வண்டியை ஞாயிறும் பண்டிகை நாளும் தவறாமல் அனுப்புங்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்பது: கால்நடை ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்துங்கள். கோலிஸ்டின் இருக்கிறதா என்று தீவனக் கடைகளிலும் பாருங்கள். கால்நடைத் துறையிடம் கேட்பது: லாரியோடு ஒரு தாள் வரட்டும், கடைசியாகக் கொடுத்த மருந்து எது, எந்தத் தேதியில் நிறுத்தியது என்று. தாள் இல்லாத லாட்டைக் கடையில் இறக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

முள்ளோடையில் மாநில எல்லை இருக்கிறது. ஒரே லாரி காலையில் கடலூரிலும் ஒரு மணி நேரம் கழித்துப் பாகூரிலும் கோழி இறக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் தாள் கேட்டால் லாரி மறு பக்கம் இறக்கிவிட்டுப் போகும். இரண்டு நிர்வாகமும் ஒரே நாளில், ஒரே படிவத்தில் இதைத் தொடங்க வேண்டும்.

முதல் மாத முடிவு வரும் தீபாவளிக்கு முன்னால் எங்கள் கண்ணில் பட வேண்டும். சாம்பிளை ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், எங்களில் ஆள் வருகிறோம். எழுத்துமூலமான பதிலை 30 நாளுக்குள் தாருங்கள்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரிப் பகுதியில் கால்நடை மருத்துவத்திலும் ஆய்வகத்திலும் கறிக்கடையிலும் வேலை பார்க்கும் நாங்கள்